மூடிய மைன்ஸுக்கு ஆள் எடுத்தவர்

பெரியப்பா ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார் என்பதற்கு ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு. சுவரில் ஆணியில் தொங்கும் தன் பழைய ஹெல்மெட்டை எடுத்து அந்த ஆளின் தலையில் வைப்பார். முன்பக்கம் விளக்கு மாட்டுகிற கொக்கி மூக்குக்கு நேராக வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு காதோரமாக விரலை விட்டு லேசாக ஆட்டிப் பார்ப்பார். "ம்" என்பார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கி, உள்பக்கத்தைத் துண்டால் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டிவிடுவார். இதில் குறை என்று சொன்னால் ஒன்றுதான். அவர் ஆள் எடுத்துக்கொண்டிருந்த மைன்ஸ் அப்போது மூடிக் கிடந்தது.

சிரிக்காதீர்கள். கோலார் தங்க வயலுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் ஊரில் அன்றைக்கு அவரை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. அவர் என் அப்பாவின் அண்ணன். மைன்ஸில் ஷிஃப்ட் பாஸாக இருந்தவர், அதாவது ஒரு ஷிஃப்டுக்குப் பூமிக்கு அடியில் இறங்குகிற ஆட்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். அந்த வயலின் பாலகாட் பகுதியில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லைன் வீடுகளில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'பாஸ்', எனக்கும் அண்ணனுக்கும் பெரியப்பா. மைன்ஸை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகும், கீழே ஊறுகிற தண்ணீரை வெளியேற்றும் பம்புகளை மட்டும் கொஞ்ச காலம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டார். "வேணாம்னு வுட்ட எடத்துல எவனாவது தண்ணி எறைப்பானா? எறைக்கிறான்னா இன்னா அர்த்தம்? திருப்பித் தெறக்கப் போறான்" என்பார். திறக்கிற அன்றைக்கு ஆளுக்கு எங்கே போவது? அனுபவப்பட்டவர்களில் பாதிப் பேர் நெஞ்சு நோயோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே இப்போதே நல்ல பையன்களாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கிற யாருக்கும் இது நியாயமாகத்தான் பட்டது, எனக்கும் பட்டது.

இதை இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். நான் இதே ஊரிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவள். மகளுக்காவது இந்த ஓட்டம் வேண்டாம் என்று கடன் பட்டவள்போல் உழைத்து இன்ஜினியரிங் படிக்கவைத்தேன். படிப்பு முடிவதற்கு வெகு முன்பே ஒரு கம்பெனி அவள் கல்லூரிக்கு வந்து அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். படிப்பு முடிந்தது. வேலையில் சேருகிற தேதி மட்டும் வரவேயில்லை. கேட்டால், விரைவில் தெரிவிக்கிறோம் என்று ஒரு மெயில் வரும். அடுத்த முறை அந்த 'விரைவில்' இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். சரி, வேறு இடம் பாரேன் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "நான் செலக்ட் ஆனவம்மா. சும்மா யாரோ மாதிரி ஏன் அலையணும்?" என்கிறாள். இதே பேச்சை இதே வீட்டில் நான் முன்பு கேட்டிருக்கிறேன். பேசியது என் அண்ணன்.

அண்ணனைப் பெரியப்பா எடுத்த கதை வேடிக்கையானது. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம். மேய்ப்பர், சாஸ்திரி, தேவதூதன் என்று எல்லோருக்கும் வேஷம் கொடுத்துவிட்டு, மேடை என்றாலே ஓடி ஒளிகிற அண்ணனிடம் திரை இழுக்கிற கயிற்றைக் கொடுத்திருந்தார்கள். ஏரோது ராஜாவாக நடித்தவருக்கு நடுவில் வசனம் மறந்துபோயிற்று. "அந்தக் குழந்தையை... அந்தக் குழந்தையை..." என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, யாரும் சொல்லாமலே அண்ணன் சரக்கென்று திரையை மூடிவிட்டான். காட்சியே அங்கேதான் முடிகிறது என்று நினைத்துச் சபையார் பலமாகக் கைதட்டினார்கள். பெரியப்பா மட்டும் தட்டவில்லை. கழுத்தை நீட்டி, கயிறு பிடித்த கை யாருடையது என்று தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கேக் கொடுக்கப் போன அண்ணனின் தலையில் ஹெல்மெட் ஏறியது. "பெல்லுக்கு ஆள் கெடச்சிட்டான்" என்று அம்மாவிடம் வந்து சொன்னார்.

மைன்ஸில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். மேலே இழு, கீழே விடு, நிறுத்து என்று கேஜுக்கு மணி அடித்துச் சொல்கிறவர் பெல்மேன். ஒரு மணி தப்பினால் உள்ளே நிற்பவர்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வாய் அதிகம் பேசாத, கண்ணையும் காதையும் கழற்றி வைக்காத ஆள் வேண்டும் என்று பெரியப்பா சொல்வார். அண்ணன் அப்படிப்பட்டவன்தான். அதைவிட முக்கியம், அதுவரை அவனை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் சேர்க்கவில்லை, பாட்டுக் குழுவில் சேர்க்கவில்லை. அப்பா நெஞ்சு நோயில் போய்விட்டார். அம்மா விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் கார்மென்ட்ஸில் தைத்துவிட்டு இருட்டின பிறகு வருவாள். இந்த வீட்டில் ஓரமாக வளர்ந்த பையனை ஊரே மதிக்கிற ஒருவர் கூப்பிட்டு, 'நீதான்டா சரியான ஆள்' என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? ஹெல்மெட் பட்ட தலை என்று அன்றைக்கு முழுக்க அவன் தலை வாரவில்லை.

பெரியப்பா இப்படி ஒரு ஏழெட்டுப் பேரை எடுத்து வைத்திருந்தார். சுரங்கத்துக்கு மர முட்டுக் கொடுக்க ஒருவன், விளக்கு அறையைப் பார்த்துக்கொள்ள ஒருவன், இப்படி ஆளுக்கு ஒரு வேலை. வேலை வந்ததோ இல்லையோ, பட்டப் பெயர் உடனே வந்துவிட்டது. லைனில் எல்லோரும் அவர்களை டிம்பர், லேம்ப் ரூம், பெல் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் அப்படி, ஆளைவிட அவன் பார்க்கிற வேலைதான் முதலில் வாயில் வரும். ஆனால் பார்க்காத வேலையின் பெயரால் ஆட்களைக் கூப்பிட்டது அந்தக் காலத்தில்தான் நடந்தது. டிம்பர் அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டபோது, ஒரு மரத்துண்டைக்கூடத் தூக்கியிராத அவனுடைய மனைவியை 'டிம்பர் வூட்டம்மா' என்றார்கள். அந்தப் பெண் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் மரக்கடை வைத்திருக்கிறான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் டீக்கடை பெஞ்சில் பெரியப்பா உட்காருவார். எடுத்து வைத்த ஆட்கள் சுற்றி நிற்பார்கள். ஷிஃப்டுக்கு முன்னால் ஆள் கணக்குப் பார்ப்பதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "லேம்ப் ரூம்?" "கீறேன் பாஸ்." "டிம்பர்?" "கீறேன் பாஸ்." "பெல்?" என்று அவர் திரும்பும்போது அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். ஒழுங்கு கட்டாயம். குடிக்கக்கூடாது, பான்பராக் போடக்கூடாது, கையைக் காலை உடைத்துக்கொள்ளக்கூடாது. லேம்ப் ரூம் எங்கள் பகுதியிலேயே நல்ல கோல்கீப்பர். மெடிக்கலில் முட்டி சரியில்லை என்று தள்ளிவிடுவார்கள் என்று சொல்லி அவனை விளையாட வேண்டாம் என்றுவிட்டார். அவனும் நிறுத்திவிட்டான். இன்றைக்கும் மைதானத்தைக் கடக்கும்போது அந்த மனிதர் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறேன்.

அண்ணன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்ததும் ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். நிரந்தர வேலை, சீருடை, கேன்டீன் சாப்பாடு. அம்மா அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பிரியாணி செய்தாள். அண்ணன் சாப்பிட்டான், கையைக் கழுவினான், நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். நான் சத்தியமாகச் சொல்கிறேன், பெரியப்பா அவனைப் போகாதே என்று சொல்லவில்லை. "போறதுன்னா போடா. நல்ல வேலதான். ஆனா ஈஸ்டருக்குள்ள தெறந்துடுவாங்கன்னு பேசிக்கிறாங்க. நீ இல்லன்னா பெல்லுக்கு வேற ஆளப் பாக்கணும், வேற இன்னா பண்றது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் இடத்தில் வேறு ஒருவன் நிற்பதை அண்ணனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒசூருக்குப் போகவில்லை. அம்மா பிரியாணிச் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்த தேய்ப்பில் அடிப்பக்கம் ஓட்டையாகிவிடும் என்று பயந்தேன்.

ஈஸ்டர் வந்தது. அடுத்தது கிறிஸ்துமஸுக்குள் என்றார்கள். கிறிஸ்துமஸ் வந்தபோது மறுபடி ஈஸ்டர். அண்ணன் அக்கம் பக்கத்தில் ஃபேன் மாட்டுவது, ஃபியூஸ் போடுவது என்று சில்லறை வேலைகள் செய்தான். முழு வேலை எதிலும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதில் குறியாக இருந்தான். மைன்ஸ் திறந்தால் அன்றைக்கே வந்து நிற்க வேண்டுமே! அவனோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை வருவதற்கு முன்பே ஆளை எடுத்து வைத்தால், அந்த ஆள் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறான். வெளியில் இருந்து யாரும் பூட்ட வேண்டியதில்லை.

கல்யாணப் பேச்சு எடுத்தால் வழிக்கு வருவான் என்று அம்மா நினைத்தாள். பங்காருபேட்டையிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா ரயில்வேக்காரர். அப்பா இல்லாத வீடு என்பதால் பெரியப்பாதான் எதிரில் உட்கார்ந்து பேசினார். "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. அம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, "மைன்ஸுல பெல்மேன்" என்றார். வந்தவர் காபி தம்ளரைக் கீழே வைத்தார். "மைன்ஸத்தான் மூடிட்டாங்களே?" "மூடல. நிறுத்தி வெச்சிருக்காங்க." "எங்க ரயில்வேலயும் வண்டிய நிறுத்தி வெப்போம்ங்க. ஆனா எப்போ கெளம்பும்னு போர்டுல எழுதி வெச்சிடுவோம்" என்றார் அந்த மனிதர், சாதுவாகத்தான். பெரியப்பா வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். வந்தவர்கள் வடை நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பொய் சொல்றவங்களையாவது நாலு கேள்வி கேட்டு மடக்கிடலாம். இந்த மனுஷன் நெசம்னு நம்பிக்கினே பேசறாரே, இவர இன்னா பண்றது?" என்றாள்.

பிறகு ஒரு நாள் பம்பை நிறுத்திவிட்டார்கள். பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் வந்து இதைச் சொன்னபோது பெரியப்பா பாதி டீயில் இருந்தாராம். மீதியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாராம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இதன் அர்த்தம் தெரியும். பம்ப் நின்றால் தண்ணீர் ஏறும். லெவல் லெவலாக ஏறி, அப்பாக்களும் தாத்தாக்களும் நடந்த இடமெல்லாம் முழுகிப் போகும். பிறகு திறப்பது என்ற பேச்சே கிடையாது. இது யாரைவிடவும் பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வழக்கம்போல உட்கார்ந்தார். "லேம்ப் ரூம்?" என்றார். "கீறேன் பாஸ்." வரிசையாகக் கூப்பிட்டு முடித்தார். பம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அண்ணனின் வயது ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் ஆள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பல்லைக் கடித்தேன். பெரியவர் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அவர் அடிக்கடி பெங்களூர் ரயிலில் ஏற ஆரம்பித்தார். அவருடைய ஒரே மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. பெரியம்மா காலமான பிறகு, அப்பா தனியாக இருக்கிறாரே, இருமல் வேறு அதிகமாகிறதே என்று அந்த அக்கா அவரைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே போய் வருகிறார் என்றே நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் அம்மா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கார்மென்ட்ஸ் கேட்டில் பெரியப்பாவைப் பார்த்திருக்கிறாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. இவர் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "ஒள்ளே ஹுடுகா சார், ஒள்ளே ஹுடுகா" என்று கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். நல்ல பையன், நல்ல பையன். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி டிம்பர் நின்றிருக்கிறான். எத்தனை பேருக்கு உத்தரவு போட்ட குரல்! "எனக்கு அந்த எடத்துலயே அழுகை வந்துடிச்சி. அவரு பாக்கறதுக்குள்ள வேற கேட் வழியா உள்ள போயிட்டேன்" என்றாள் அம்மா.

விசாரித்தபோது விஷயம் முழுவதும் வெளியே வந்தது. பம்ப் நின்ற நாளிலிருந்து அவர் தான் எடுத்த ஆட்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு வேலை கேட்டு அலைந்துகொண்டிருந்தார். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு செட்டியார் ஜவுளிக்கடையில் லேம்ப் ரூமைச் சேர்த்துவிட்டார். இன்னொருவனை பங்காருபேட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில். டிம்பருக்கு, பத்துப் பதினைந்து கேட் ஏறி இறங்கி, ஒரு செக்யூரிட்டி வேலை. மைன்ஸ் இல்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. "அது தெறக்கற வரைக்கும் இங்க இருடா" என்பாராம். வேலை கிடைத்தவனைப் பற்றிக் கேட்டால், "அவன் மேல வந்துட்டான்" என்று பதில் சொல்வாராம். கடைசியில் அண்ணன் ஒருத்தன்தான் பாக்கி. அவனுக்கும் இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அண்ணன் அசையவில்லை. "மத்தவங்க போகட்டும் பெரியப்பா, நான் இருக்கேன்" என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் இப்போது இரண்டே பேர். "பெல்?" "கீறேன் பெரியப்பா." பிறகு ரெண்டு பேரும் எங்கேயோ பார்த்தபடி டீ குடிப்பார்கள்.

பெரியப்பாவின் இருமல் முற்றிக்கொண்டே வந்தது. அக்கா போன் செய்து அம்மாவிடம் அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். "வாடி, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரியப்பா கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவருக்குக் கஷாயம் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"மாமா, உங்க பொண்ணு அங்க அழுதுக்கினு கூப்புடறா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே வூடு. நீங்க இன்னாத்துக்கு இங்க ஒக்காந்துக்கினு இருக்கீங்க?" என்று அம்மா ஆரம்பித்தாள்.

அவர் இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஷிஃப்ட் பாஸு கடைசியாத்தாம்மா மேல வரணும். கீழ ஒரு ஆளு இருக்கறப்ப நான் கேஜ் ஏறிட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு லைன்ல நடப்பேன்?"

"யாரு அந்த ஆளு?"

"ஒன் புள்ளதான்."

அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாத்துக்குடா கீழ நிக்கிற?"

அண்ணன் தம்ளரையே பார்த்துக்கொண்டு, "பெல் அடிக்கிறவன் எப்டிம்மா மொதல்ல ஏறுவான்? அவரு ஏறட்டும். அவர வுட்டுட்டு நான் போ மாட்டேன்" என்றான்.

"தண்ணி ஏறிடிச்சிடா! உனக்கு யாரும் சொல்லலியா?"

"பம்ப் நிறுத்துன அன்னிக்கே தெரியும்."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியுமா? தெரிஞ்சா நின்ன?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் பெரியப்பா." அண்ணன் தம்ளரைத் தரையில் ஓங்கி வைத்தான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, வேல இல்லடா, போடான்னு உங்க வாயால சொல்லியிருந்தா போயிருப்பேன். நீங்க பேர் கூப்புடறீங்க. நான் எப்டி இல்லன்னு சொல்றது?"

"எப்டிடா சொல்லுவேன்?" என்றார் பெரியப்பா. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "கூப்ட்டவன் நானு. ஒசூருக்கு அனுப்பாம கெடுத்தவன் நானு. வாய் வரலியேடா."

ஒருவர் மேலே வரட்டும் என்று இன்னொருவர் காத்திருக்க, இப்படி இரண்டு பேரும் எத்தனை காலம் அந்த இல்லாத சுரங்கத்தில் நின்றிருக்கிறார்கள்! நிஜமான மைன்ஸில் கடைசி கேஜுக்கு யார் மணி அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அவன்தான் ஒரு நாள்கூடக் கீழே இறங்கியதில்லையே. தெரிந்த ஒரே ஆள் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லா கீது கத. மாமா, நீங்களும் ஏறுங்க. டேய், நீயும் ஏறு. பெல்லு நான் அடிக்கிறேன்."

பெரியப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதன் மேல் இருமல் வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன. அண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். மறுநாள் விடியற்காலை அம்மா வழக்கமாகப் போகிற அதே ரயிலில், பெட்டியில் நெருக்கி இடம் பிடித்து, ஒரு பக்கம் பெரியப்பாவையும் மறு பக்கம் அண்ணனையும் உட்காரவைத்துக்கொண்டு போனாள். பெரியப்பாவை அக்கா வீட்டில் விட்டாள். அண்ணனைத் தன் கார்மென்ட்ஸுக்கே கூட்டிக்கொண்டு போய் மெயின்டனன்ஸ் செக்ஷனில் நிறுத்தினாள். சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் நன்றாக இருக்கிறான். கொஞ்சம் தாமதமாகக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அம்மா இப்போது அவனோடுதான். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போன வருஷங்கள் போனவைதான். அவனோடு ஐ.டி.ஐ. படித்தவர்கள் ஒசூரில் சொந்த வீடு கட்டிவிட்டார்கள். இவனுக்கு மேலதிகாரியாக இருக்கிறவன் இவனைவிட வயதில் சின்னவன், இவனை 'வாப்பா' என்று கூப்பிடுகிறான். அண்ணன் பெரியப்பாவைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் சொல்வேன். நல்ல மனிதர் என்பதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அவர் கேட் கேட்டாக அலைந்ததை நினைத்தால் அந்தக் கோபம் எனக்கு நிலைப்பதுமில்லை. இரண்டும் என்னோடு இருக்கின்றன.

பெரியப்பா அக்கா வீட்டில் சில வருஷங்கள் இருந்துவிட்டுப் போனார். அடக்கத்துக்கு எங்கள் ஊருக்கே கொண்டு வந்தார்கள். பெங்களூர்ச் சம்பந்திகள் வாசலில் நின்று வருகிறவர்களை விசாரித்தார்கள். பாங்கு வாசலில் காவல் பார்க்கிற ஆள் சீருடையோடு வந்து, "நான் டிம்பருங்க" என்றார். ஜவுளிக்கடைப் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர், "லேம்ப் ரூம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சம்பந்திகள் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் பெரியப்பாவிடம் வேலை பார்த்தவர்கள் என்று அக்கா அவர்களுக்கு விளக்கினாள். யாரும் திருத்தவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், மகளிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். இதற்கு முன்னால் சொன்னதில்லை. டிம்பர் மாமாவின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கார்மென்ட்ஸ் கேட்டைச் சொன்னபோது போனைக் கீழே வைத்துவிட்டாள். நான் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பெரிய தாத்தாவுக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல, ஓகே. ஆனா எல்லாரும் மேல வர்ற வரைக்கும் அவர் போகலல்ல? எங்க கம்பெனியில எனக்காக அப்படி யாரு நிக்கிறாங்க?"

"அவங்களயே கேளேன்" என்றேன்.

நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே போனை எடுத்து, தனக்கு வந்திருந்த கடைசி மெயிலுக்குப் பதில் எழுதினாள். என்னை எடுத்தது யார், நான் யாரிடம் பேச வேண்டும், எனக்கு வேலை உண்டா இல்லையா, இல்லை என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள் என்று நாலே வரி. எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினாள். உடனே போன் சத்தம் போட்டது. பரவாயில்லையே, இவ்வளவு வேகமாகப் பதில் போடுகிறார்களே என்று எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் போனை என் பக்கம் திருப்பினாள். இந்த முகவரிக்கு வருகிற மெயில்களை யாரும் பார்ப்பதில்லை, தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டாம் என்று இருந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதை இன்னொரு முறை படித்தாள். எழுந்து போய், வேலையில் சேருகிற அன்றைக்கென்று இத்தனை நாளாக அலமாரியில் மடித்து வைத்திருந்த நல்ல சுடிதாரை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

"காலையில ரயில் எத்தன மணிக்கும்மா?" என்று கேட்டாள்.